ஒரே மேடையில் செல்டிக் இசையும் அமெரிக்க நாட்டுப்புற இசையும்: கிளாஸ்கோ கச்சேரியில் இரண்டும் எங்கே சேர்கின்றன?

தந்தியிசை எழுதியது:

கிளாஸ்கோ நகரில் 1994 முதல், ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம் வரை நடந்துவரும் 'செல்டிக் கனெக்‌ஷன்ஸ்' விழாவை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். அவ்விழாவின் பெரிய கச்சேரிகளில் ஒன்று 'டிரான்சட்லாண்டிக் செஷன்ஸ்'. ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கலைஞர்களும் அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர்களும் ஒரே மேடையில் அரைவட்டமாக அமர்ந்து, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வாசித்துப் போகும் அந்நிகழ்ச்சியை இம்முறை ராயல் கான்சர்ட் ஹாலில் கேட்டேன். கேட்டதிலிருந்து என் மனத்தில் நிற்கும் ஒரு கருத்தை இங்கே உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. இது மேடைக்காகப் பிறந்த நிகழ்ச்சி அன்று. 1995-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, ஸ்காட்லாந்தின் பழைய மாளிகை ஒன்றில், பார்வையாளர் எவரும் இல்லாமல், கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்ந்து வாசித்ததைப் படம்பிடித்தார்கள். முதல் தொடருக்கு இசைப் பொறுப்பை ஏற்றவர்கள் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் ஃபிடில் (நாட்டுப்புற இசையில் வயலினுக்குப் பெயர்) கலைஞர் அலி பெயினும் நியூயார்க்கைச் சேர்ந்த ஜே அங்கரும். 1998-இல் வந்த இரண்டாவது தொடரிலிருந்து அலி பெயினுக்கு இணையாக டோப்ரோ என்னும் கிட்டார் வகையை வாசிக்கும் ஜெரி டக்ளஸ் பொறுப்பேற்றார். 2013 வரை ஆறு தொடர்கள் வந்தன. அதற்குப் பிறகும் மேடை வடிவம் தொடர்கிறது. விருந்தினர்கள் மாறினாலும், நிலையான வாத்தியக் குழு ஒன்று எல்லோருக்கும் வாசிக்கிறது.

இக்கச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முழுக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ரீல் என்னும் வேகமான நடன மெட்டுகளையே பாராட்டுகிறார்கள். பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே மெட்டை ஒரே வீச்சில் வாசிக்கும்போது அரங்கம் எழுந்து நிற்கிறது என்பது உண்மைதான். ஆயினும் இரண்டு மரபுகளும் உண்மையில் ஒன்றையொன்று சந்திப்பது மெதுவான பாடல்களில் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஒரு பாடகி தாளக்கட்டு இல்லாமல், மூச்சின் நீளத்துக்கு ஏற்ப வரிகளை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். மடியில் கிடத்திய டோப்ரோவின் தந்திகள்மேல் எஃகுத் துண்டை நகர்த்தி, அவர் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிய அதே வழியில் ஜெரி டக்ளஸ் பின்தொடர்ந்தார். நம் மொழியில் சொன்னால் அது முழுக்க முழுக்க ஜாரு. அந்த வாத்தியம் 1920-களின் கலிபோர்னியாவில் உருவானது. அந்தப் பாட்டோ ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள ஹெப்ரிடிஸ் தீவுகளின் மரபைச் சேர்ந்தது. இவ்வளவு தொலைவில் பிறந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு நின்றன. இரண்டில் எதுவும் தன் இயல்பை இழக்கவில்லை.

வேகமான உருப்படிகளில் அப்படி நடக்கவில்லை. அங்கே எல்லோரும் ஒரு பொதுவான நடைக்கு இறங்கி வந்துவிடுகிறார்கள். அயர்லாந்து வில்லின் சாய்வும் அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரான அப்பலாச்சியாவின் வில்லின் உந்துதலும் தனித்தனியே காதில் விழுவதில்லை. உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

கிழக்குக்கரை எழுதியது:

பாஸ்டனில் இருந்து எழுதுகிறேன். தந்தியிசை அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். ஆனால் 'அமெரிக்க நாட்டுப்புற இசை' என்று ஒரே பெயரில் சுட்டப்படும் மரபுகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் இந்த மேடையில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைச் சொல்ல முடியாது.

புளூகிராஸ் என்பது மேடைக்காகவும் வானொலிக்காகவும் உருவான கலை. மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து, மூன்று விரல்களால் பேஞ்சோ என்னும் தோல் போர்த்திய தந்தி வாத்தியத்தை மீட்டத் தொடங்கியபோதுதான் அதன் இன்றைய உருவம் நிலைபெற்றது. அதில் ஒருவர் மெட்டை எடுத்துக்கொண்டு தன் கற்பனைக்கு ஏற்ப விரித்து வாசிப்பார்; மற்றவர்கள் அடங்கிப் பின்னணி வாசிப்பார்கள்; பிறகு அடுத்தவர் முறை வரும். புளூசும் ஜாசும் அதற்குள் நிறைந்திருக்கின்றன.

'ஓல்ட் டைம்' என்று அழைக்கப்படும் பழைய அப்பலாச்சிய வாசிப்பு வேறு. அதில் தனி வாசிப்பே கிடையாது. ஃபிடிலும் பேஞ்சோவும் சேர்ந்து ஒரே மெட்டைப் பத்து நிமிடம்கூடத் திரும்பத் திரும்ப வாசிக்கும்; மெட்டு அதேதான், வில்லின் தாளம் மட்டும் உள்ளுக்குள் மாறிக்கொண்டே போகும். அயர்லாந்துக் கலைஞர்கள் கூடி வாசிக்கும்போதும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஆனால் இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவி, மூன்று நான்கு மெட்டுகளைக் கோத்துவிடுவார்கள்.

ஆகவே ஓல்ட் டைம் ஃபிடில்காரர் ஒருவர் ஸ்காட்லாந்துக் கலைஞரோடு அமரும்போது மிக எளிதாகப் பொருந்திவிடுகிறார். ஓல்ட் டைம் ஃபிடில் கலைஞர் புரூஸ் மோல்ஸ்கி இந்த வரிசையில் வாசித்தவற்றைக் கேட்டால் இது விளங்கும். புளூகிராஸ் பழக்கம் உடையவர் வரும்போதுதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது: எல்லோரும் சேர்ந்து வாசிப்பதா, ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றா? ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று என்று வைத்தால், குழல்காரர் மெட்டுக்குள்ளேயே நின்று அதன் சுரங்களை அலங்கரிப்பார். டோப்ரோக்காரர் மெட்டை விட்டு வெளியேறி, கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகளின்) வழியே நடந்து திரும்புவார். இந்த இரண்டு மனப்போக்கும் அடுத்தடுத்து வரும்போது கேட்பவருக்குக் கிடைக்கும் பேரின்பத்தைத் தந்தியிசை குறைத்து மதிப்பிடுகிறார் என்பதே என் கருத்து. அது நிகழ்வது வேகமான உருப்படிகளில்தான்.

தாளத்திலும் ஒரு செய்தி. புளூகிராசில் பாஸ் வாத்தியம் 1, 3 ஆகிய தட்டுகளில் விழும்; மாண்டலின் 2, 4 ஆகிய தட்டுகளில் வெட்டி அடிக்கும். அயர்லாந்து ரீலில் அந்த வெட்டு இல்லை. அதன் அசைவு எட்டாகப் பகுபடும் சிறு சுரங்களுக்கு இடையில், முன்னது சற்று நீண்டு பின்னது சற்றுக் குறுகுவதில் இருக்கிறது. மாண்டலினின் வெட்டு அழுத்தமாக விழுந்தால் இந்த நுண்ணிய அசைவு மறைந்துவிடும். தந்தியிசை கேட்ட 'பொதுவான நடை' இதனால் வந்திருக்கக்கூடும்.

வில்லும் விரலும் எழுதியது:

நான் கர்நாடக இசையில் வயலின் பயின்றவள். அந்த வாத்தியத்தின் வழியாகவே இந்த இசைக்குள் நுழைந்தேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பலாச்சியப் பழைய வாசிப்பில், மெட்டின் சுருதிக்கு ஏற்பத் தந்திகளையே மாற்றிக் கூட்டும் வழக்கம் உண்டு. அவற்றுள் மிகவும் பரவலான ஒன்றில் நான்கு தந்திகளும் ஏ, ஈ, ஏ, ஈ என்று அமைகின்றன. இது நாம் வயலினில் கூட்டும் ச–ப–ச–ப அமைப்பேதான். ஷெட்லாந்திலும் இதே கூட்டல் பழைய ஃபிடில்காரர்களிடம் இருந்திருக்கிறது. ஒரு தந்தியில் மெட்டு ஓடும்போது பக்கத்துத் தந்தி திறந்தபடி ஒலித்து, தம்பூராவைப் போல ஆதார சுருதியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கச்சேரியில் இரண்டு ஃபிடில்கள் மட்டும் வாசிக்கும் உருப்படி வந்தால், மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் அந்தச் சுருதியைக் கவனியுங்கள். கடலுக்கு இரு புறமும் உள்ள ஒற்றுமையை எனக்கு முதலில் காட்டியது அதுதான்.

அலங்காரத்தில் நிலைமை வேறு. அயர்லாந்து வாசிப்பின் உயிர் என்று கருதப்படும் 'ரோல்' என்பது, ஒரு நீண்ட சுரத்தை மேலிருந்து ஒரு விரலாலும் கீழிருந்து ஒரு விரலாலும் மிக விரைவாக வெட்டிக் கொடுப்பது. அந்த வெட்டுகள் தனிச் சுரங்களாகக் காதில் விழக்கூடாது. நாவால் எழுத்துகளைப் பிரிப்பதுபோலச் சுரத்தைப் பிரிக்க வேண்டும். நம் கமகத்தில் சுரத்தின் அசைவே கேட்கப்பட வேண்டியது. ஆகவே ரோலைக் கமகத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் டோப்ரோவின் வழுக்கலைத் தந்தியிசை ஜாரு என்றது மிகச் சரி. மரபாகப் பாடும் அயர்லாந்துப் பாடகரின் குரலிலும் அந்த வழுக்கல் இருக்கிறது.

இந்த இசை நம் காதுக்கு முற்றிலும் புதியதும் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் சென்னையில் ஒலித்த ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் செய்தார். சங்கராபரணத்தில் அமைந்த அந்த நோட்டுஸ்வரங்களில் பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டும் இருக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகளைத் தழுவியவையும் உள்ளன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படுகிறார். சிறுவயதில் நோட்டுஸ்வரம் கற்ற எவருக்கும், ஜிக் என்னும் நடன மெட்டு எட்டு எட்டுத் தாளச் சுற்றுகளாகப் பகுபடும் கட்டமைப்பு முதல் முறையிலேயே பிடிபட்டுவிடும்.

ஊர்ப்பாட்டு எழுதியது:

வாத்தியங்களைப் பற்றி நல்ல செய்திகளைப் பகிர்ந்த மூவருக்கும் நன்றி. ஆனால் இந்த மேடை சொல்லும் கதையைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. அதைப் பேசாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

கதை இதுதான்: ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்தும் மக்கள் கப்பல் ஏறினார்கள், பாட்டையும் ஃபிடிலையும் அப்பலாச்சிய மலைகளுக்குக் கொண்டுசென்றார்கள், இன்று அந்த இசை வீடு திரும்பியிருக்கிறது. இதில் உண்மை உண்டு. 1717-இலிருந்து அமெரிக்க விடுதலைப் போர் வரை அல்ஸ்டரிலிருந்து சென்றவர்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கேலிக் பேசிய மலைநாட்டு ஸ்காட்லாந்தியர் வட கரோலினாவின் கேப் ஃபியர் பகுதியில் குடியேறினார்கள். பார்பரா ஆலன் என்னும் கதைப்பாடலை ஆங்கிலேய நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1666 ஜனவரியில் தம் நாட்குறிப்பில் ஸ்காட்லாந்துப் பாட்டு என்று குறித்துவைத்தார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1916-க்கும் 1918-க்கும் இடையில் செசில் ஷார்ப்பும் மாட் கார்பலஸும் அப்பலாச்சிய மலைகளில் நடந்து பாட்டுகளைத் தொகுத்தபோது, அதே பாட்டு வெவ்வேறு மெட்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது.

ஆனால் ஷார்ப் பிரிட்டனிலிருந்து வந்த பாட்டுகளைத் தேடிப் போனார், அவற்றையே கண்டெடுத்தார். அதே மலைகளில் வாழ்ந்த கறுப்பின மக்களின் இசையைப் பெரும்பாலும் அவர் தொகுக்கவில்லை. பேஞ்சோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்கள் தங்கள் நினைவிலிருந்து கரீபியனிலும் அமெரிக்காவிலும் உருவாக்கிய வாத்தியம் அது. சுரைக்குடுக்கையும் தோலும் கொண்ட அதன் உறவுகள் இன்றும் செனகல், காம்பியா பகுதிகளில் வாசிக்கப்படுகின்றன. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்த குழுக்களின் வழியே 1840-களில் அது பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்தது. இன்று அயர்லாந்துக் குழுக்களில் நாம் கேட்கும் நான்கு தந்தி டெனர் பேஞ்சோவும் அந்த வாத்தியத்தின் வழிவந்ததே. பழைய அப்பலாச்சிய ஃபிடில்காரர்களில் கறுப்பினத்தவர் ஏராளம். தந்தியிசை சொன்ன அந்த வில்லின் உந்துதலில் அவர்களுடைய பங்கு பெரிது.

ஆகவே அமெரிக்காவிலிருந்து வந்து அந்த மேடையில் அமரும் இசை, புறப்பட்டபோது இருந்த இசை அன்று. 'வீடு திரும்புதல்' என்று மட்டும் சொன்னால், வழியில் அதை ஆக்கியவர்களில் ஒரு பகுதியினரை நாம் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம். கச்சேரிக்குப் போகும் எவரும் இதை அறிந்து போக வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

தந்தியிசை எழுதியது:

ஊர்ப்பாட்டு அவர்களின் பதிவை முழுமையாக வரவேற்கிறேன். ரியானன் கிடன்ஸ் இந்த வரிசையின் மேடைகளில் பாடியிருக்கிறார் என்பதை இங்கே சேர்க்க வேண்டும். வட கரோலினாவைச் சேர்ந்த அவர், முதியவரான கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் நேரில் கற்று, 2005-இல் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவர் கேலிக் வாய்ப்பாட்டையும் கற்றுப் பாடுகிறார். வாத்தியம் இல்லாதபோது ஆடுவதற்காகவே வாயால் பாடப்படும் அந்த விரைவான மெட்டுகளை அவர் குரலில் கேட்கும்போது, இரத்த உறவைக்காட்டிலும் கற்ற உறவே இந்த இசையைக் காக்கிறது என்பது எனக்குத் தெளிவாகிறது.

ஜே அங்கரின் நிலையும் அதுதான். பிராங்க்ஸில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நியூயார்க் மாநிலத்தில் ஒரு கோடைக்கால ஃபிடில் முகாம் முடிந்த வருத்தத்தில் 1982-இல் 'அஷோகன் ஃபேர்வெல்' என்ற மெட்டை ஸ்காட்லாந்துப் புலம்பலின் பாணியில் அமைத்தார். கென் பர்ன்ஸ் 1990-இல் எடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆவணப்படத்தில் அது ஒலித்தபோது, 19-ஆம் நூற்றாண்டு மெட்டு என்றே மக்கள் நம்பினார்கள். அது யாருடைய மரபு என்று கேட்டால், அதை அவ்வளவு ஆழமாகக் கற்றவருடையது என்றுதான் நான் சொல்வேன்.

ஊர்ப்பாட்டு எழுதியது:

கற்ற உறவு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு விருந்தினர் வந்து பாடுவதால் மேடையின் பொதுவான கதை மாறிவிடுவதில்லை. நிலையான குழுவில் யார் அமர்கிறார்கள், மெட்டுகளை அறிமுகப்படுத்தும்போது என்ன வரலாறு சொல்லப்படுகிறது என்பவற்றில்தான் அது மாறும். 'இது பழைய ஸ்காட்லாந்து மெட்டு. அமெரிக்கா போய் வந்திருக்கிறது' என்பதோடு அறிமுகம் நின்றுவிடக்கூடாது.

போக்குவரத்து ஒருவழிப்பாதையாக இருந்ததும் இல்லை. அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்த ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920-களில் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிவந்து, அங்குள்ளவர்கள் வாசிக்கும் முறையையே மாற்றின. கென்டக்கி மலைப்பாடகி ஜீன் ரிச்சி 1952-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வந்து, தம் வீட்டுப் பாட்டுகளின் உறவுப் பாட்டுகளை அங்குள்ள பாடகர்களிடம் தேடிப் பதிவுசெய்தார். எனக்கு இந்தக் கச்சேரியின் உண்மையான முன்னோடி அவர்தான்: எதிரில் அமர்ந்து, நீ உன் பாட்டைப் பாடு, நான் என் பாட்டைப் பாடுகிறேன் என்ற முறை.

புதிய உறுப்பினர் எழுதியது:

வணக்கம். அடுத்த விழாவுக்குப் பெற்றோருடன் கிளாஸ்கோ செல்ல எண்ணியிருக்கிறோம். அம்மாவுக்குக் கர்நாடக இசையில் நல்ல பயிற்சி உண்டு, பேரொலி ஒத்துக்கொள்ளாது. ராயல் கான்சர்ட் ஹால் பெரிய அரங்கம் என்கிறார்கள். இந்த நுணுக்கங்கள் எல்லாம் அங்கே காதில் விழுமா, அல்லது சிறிய கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லதா என்று பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லும் விரலும் எழுதியது:

அம்மாவை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். 1990-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் ஏறத்தாழ 2,400 பேர் அமரலாம். எல்லா வாத்தியங்களும் ஒலிபெருக்கியின் வழியேதான் வருகின்றன. முழுக்குழுவும் டிரம்சும் சேரும்போது ஒலி கனமாகத்தான் இருக்கும். மேடைக்கு மிக அருகில் அமர்ந்தால் ஒரு பக்கத்து வாத்தியம் ஓங்கும். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியிலோ முதல் மாடியின் முன்வரிசையிலோ இடம் கிடைத்தால் சமநிலை நன்றாக இருக்கும். பாடல்களின்போது வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகி, ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் நிற்கும் இடங்கள் பல வரும். அவற்றில் எந்த நுணுக்கமும் தப்பாது.

அயர்லாந்தின் பைப்பான இல்லியன் பைப்ஸ் வாசிக்கப்பட்டால் அம்மாவுக்கு அதைச் சுட்டிக்காட்டுங்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பைப் வாயால் ஊதப்படுவது; இது அப்படி ஊதப்படுவதில்லை. முழங்கைக்கு அடியில் துருத்தியை அழுத்திக் காற்றை நிரப்புவார்கள். உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், ஒலி மென்மையானது, இரண்டு ஸ்தாயி வரை எட்டும். மைக்கேல் மெக்கோல்ட்ரிக் இந்தக் குழுவில் குழலும் பைப்பும் வாசித்துவருபவர்.

ஆனால் அந்த ஒரு கச்சேரியோடு திரும்பிவிடாதீர்கள். விழாவின் சிறு அரங்குகளில், ஒரு ஃபிடிலும் ஒரு பேஞ்சோவும் மட்டும் சேரும் நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அலஸ்டேர் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்து ஃபிடில் கலைஞரும் நட்டாலி ஹாஸ் என்ற அமெரிக்கச் செல்லோ கலைஞரும் இருவராகவே வாசிப்பதை எங்கேனும் கேட்க வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். பழைய நடன இசையில் செல்லோ தாளத்துக்கும் சுருதிக்கும் துணைநின்ற வழக்கத்தை அவர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள்.

கிழக்குக்கரை எழுதியது:

பெரிய அரங்கைப் பற்றி ஒரு மாற்றுக்கருத்து. ஒலிபெருக்கியும் தாளவாத்தியமும் மரபைக் கெடுத்துவிட்டன என்ற எண்ணம் இந்த இழையில் மெல்ல வளர்வதாகத் தோன்றுகிறது. ஷெட்லாந்தின் கிட்டார் கலைஞர் பீரி வில்லி ஜான்சன், 1930-களில் சிற்றலை வானொலியில் அமெரிக்க ஸ்விங் இசையைக் கேட்டுக்கேட்டு, அதன் கார்டுகளை ஷெட்லாந்து ரீல்களுக்கு அடியில் வைத்தார். இன்று அதுவே ஷெட்லாந்தின் பழைய பாணி என்று கற்பிக்கப்படுகிறது. அலி பெயின் வளர்ந்த சூழலும் அதுதான். அவர் அமெரிக்கர்களோடு அமர்வதற்கு வெகு காலம் முன்பே அவருடைய ஊரின் இசைக்குள் அமெரிக்கா வந்துவிட்டிருந்தது.

தந்தியிசை எழுதியது:

ஒலிபெருக்கியின் மேல் எனக்குக் குறை இல்லை, நண்பரே. தொலைக்காட்சிக்காக வட்டமாக அமர்ந்தவர்கள், மேடையில் நம்மைப் பார்த்து அரைவட்டமாகத் திறந்து அமர வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒருவர் வில்லை ஒருவர் பார்க்க முடியாத நிலையில், எல்லோருக்கும் பொதுவான நடை ஒன்று தேவைப்படுகிறது. பீரி வில்லி ஜான்சனின் கிட்டார் ஒரேயொரு ஃபிடிலின் கீழ் ஒலித்தபோது அந்தத் தேவை எழவில்லை. நீங்கள் சொன்ன அந்த அடுத்தடுத்த தனிச் சுற்றுகளில், குழு முழுவதும் தணிந்து, பைப்புக்கும் டோப்ரோவுக்கும் மட்டும் இடம் கொடுத்த ஓர் உருப்படி அன்று வந்தது. அதை என் முதல் பதிவில் குறித்த மெதுவான பாடல்களுக்கு இணையாகவே வைக்கிறேன்.

புதிய உறுப்பினருக்கு: பயணத்தின் முதல் மாலையில் சிறு அரங்கு ஒன்றில் ஃபிடில் கச்சேரியைக் கேளுங்கள், அடுத்த மாலையில் பெரிய அரங்குக்குச் செல்லுங்கள். அந்த வரிசையில் போனால், பலர் ஒன்றாக வாசிக்கும்போதும் எந்த வில் எந்த ஊருடையது என்பதை அம்மாவின் காது பிரித்தறியும். அனுமதிச்சீட்டுகளை விற்பனை தொடங்கியவுடன் வாங்கிவிடுங்கள்.